கஞ்சி குடித்த ஐந்து வாரம்

புக்கிட் டாமார் தோட்டம், பீடோர்
12 பிப்ரவரி 2023

அன்புள்ள கலாவுக்கு,

ஈப்போவில் வெயில் எப்படி? உனக்கு ஒற்றைத் தலைவலி விட்டதா? நானும் உன் அண்ணனும் சுகம். போனில் பேசலாம் என்றால் குன்றுக்கு இந்தப் பக்கம் லைன் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. மறுபடி கூப்பிட்டால் எதைச் சொல்ல வந்தேன் என்று எனக்கே மறந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன்.

கிளினிக்கில் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். கொலஸ்ட்ரால் 9.8, ஐந்தை ஒட்டி இருக்க வேண்டியது. நான்கு மாதமாக மாத்திரை சாப்பிட்டும் இப்படி. முழங்கையில் சுண்டைக்காய் அளவில் இருந்த மஞ்சள் கட்டி இப்போது நெல்லிக்காய் ஆகிவிட்டது. நீ ஆய்வுக்கூடத்தில் தினமும் இரத்தத்தோடு பழகுகிறவள், அதனால் ஒன்று கேட்கிறேன். கொய்யாப் பண்ணையில் என்னோடு வேலை செய்கிறவள் ஒரு பேப்பர்த் துண்டு காட்டினாள். இந்த மாத்திரை சாப்பிட்டால் இரத்தத்தில் கேரட் சத்தும் வைட்டமின் ஈயும் குறைந்துவிடும் என்று போட்டிருக்கிறது. "கொழுப்பக் கொறைக்கப் போயி கண்ணு போயிடப் போவுது லா" என்கிறாள். நிறுத்திவிடலாமா?

உன் பதில் வரும்வரை நிறுத்தமாட்டேன். பயப்படாதே.

அண்ணி
இருளாயி


ஈப்போ
20 பிப்ரவரி 2023

அன்பு அண்ணிக்கு,

தலைவலி இல்லை, வேலைதான் அதிகம். கடிதம் பார்த்ததும் இன்றே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பேப்பரில் போட்டது பொய் இல்லை, ஆனால் பாதி உண்மை. கேரட்டின் மஞ்சள் சத்தும் வைட்டமின் ஈயும் தண்ணீரில் கரையாது. இரத்தத்தில் ஓடும் கொழுப்புத் துகள்களில் ஏறித்தான் உடம்பெல்லாம் போகும். மாத்திரை அந்தத் துகள்களைக் குறைக்கிறது, அதனால் மொத்தத்தில் சத்தும் குறைந்ததுபோல் தெரியும். ஒரு துகளில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் பெரிதாகக் குறைவதில்லை. கீரையும் கேரட்டும் சாப்பிடுங்கள், போதும்.

இத்துடன் இரண்டு டப்பா மார்ஜரின் அனுப்பியிருக்கிறேன். தாவர ஸ்டெரால் சேர்த்தது. ஸ்டெரால் என்பது செடிகளில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு. குடலில் கொலஸ்ட்ராலோடு இடத்துக்குப் போட்டி போட்டு அதை உள்ளே போகவிடாமல் தடுக்கும். தினம் இரண்டு கரண்டி ரொட்டியில் தடவுங்கள். சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் மட்டும். மாத்திரையைச் சாப்பாட்டு மேசையிலேயே வையுங்கள், மறக்காது.

அண்ணனைச் சிகரெட்டைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்
கலாதேவி


புக்கிட் டாமார்
16 ஏப்ரல் 2023

அன்புள்ள கலாவுக்கு,

புத்தாண்டுக்கு நீ வரவில்லை, வேலை என்று அண்ணன் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லாரும் நலம்.

நீ சொன்னபடியே செய்தேன். இரண்டு டப்பாவும் தீர்ந்துவிட்டன. இந்த முறை 10.6.

டாக்டர் இளம் வயசு. தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மலாயில் நர்ஸிடம் ஏதோ சொன்னார். நர்ஸ் நம் தமிழ்ப் பெண்தான், என்னிடம் திரும்பி, "அக்கா, உண்மையச் சொல்லுங்க. மாத்திரை சாப்புடுறீங்களா, இல்ல வாங்கி வச்சிக்கிறீங்களா?" என்றாள். வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். சாப்பிடுகிறேன் என்றேன். அவள் டாக்டருக்குச் சொன்னாள். அவர் மாத்திரையை இரண்டு மடங்காக எழுதினார்.

வேறு விசேஷம் இல்லை. கொய்யா நல்ல காய்ப்பு.

இருளாயி


ஈப்போ
29 ஏப்ரல் 2023

அன்பு அண்ணிக்கு,

நலமா? அந்த நர்ஸ் அப்படிக் கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாரையும் அப்படித்தான் கேட்பார்கள். இந்த மாத்திரை வேலை செய்யாமல் போவது மிகவும் அபூர்வம். அதனால் கேட்டுவிடுகிறார்கள்.

புதிய அளவை மட்டும் தவறாமல் சாப்பிடுங்கள். அண்ணன் லாரியில் ஈப்போ வந்தபோது நான்கு டப்பா மார்ஜரினும் ஒரு பை பாதாமும் கொடுத்தனுப்பினேன். மாலையில் பலகாரத்துக்குப் பதில் பாதாம்.

கலா


புக்கிட் டாமார்
23 ஜூலை 2023

அன்புள்ள கலாவுக்கு,

எழுதிப் பல நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீ சுகம்தானே?

ஜூன் தொடக்கத்தில் கடைவாய்ப் பல் பிடுங்கினேன். இரத்தம் நிற்கவே இல்லை. தட்டணு குறைவு, டெங்கியாக இருக்கலாம் என்று மூன்று நாள் படுக்க வைத்துவிட்டார்கள். டெங்கி இல்லை என்று அனுப்பினார்கள். அதற்குள் ஈறு சீழ்பிடித்து வாயைத் திறக்க முடியவில்லை. ஐந்து வாரம் வெறும் கஞ்சி. எண்ணெய் காரம் எதுவும் இல்லை. உன் அண்ணன் மீனை அவித்து முள் எடுத்து மசித்துக் கொடுப்பார். ரொட்டி கடிக்க முடியாததால் உன் மார்ஜரினையும் பாதாமையும் தொடவில்லை, மன்னித்துக்கொள்.

ஐந்தாம் வாரம் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். 7.4. டாக்டருக்குச் சந்தோஷம். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

இப்போது வாய் சரியாகிவிட்டது. வேலைக்குப் போகிறேன்.

இருளாயி


ஈப்போ
31 ஜூலை 2023

அன்பு அண்ணி,

பல் வலியில் இவ்வளவு பட்டிருக்கிறீர்கள், எனக்குச் சொல்லவே இல்லையே! இப்போது நலமென்று கேட்டு நிம்மதி.

7.4! கேட்டதும் பக்கத்து மேசைக்காரிக்கெல்லாம் சொன்னேன். பார்த்தீர்களா, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் எப்படி இறங்குகிறது! இதை விட்டுவிடக் கூடாது. மார்ஜரினை மறுபடி தொடங்குங்கள். இன்னும் இரண்டு டப்பா தபாலில் வரும்.

சந்தோஷத்துடன்
கலா


புக்கிட் டாமார்
15 அக்டோபர் 2023

கலாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பண்ணையில் ஏணியில் நிற்கும்போது நெஞ்சு இறுகிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை.

"ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும்" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைப் பலமுறை படித்தேன். நான் ஆரம்பித்தது ஜூலையில் இல்லை. போன வருடம் அக்டோபரில்.

இந்த முறை 11.1.

எங்கள் வேலை என்ன தெரியுமா? கொய்யாப் பிஞ்சுக்கு ஒவ்வொன்றாகப் பை கட்டுவது. எந்த வரிசைக்கு என்றைக்குக் கட்டினோம் என்று எழுதி வைக்காவிட்டால் எப்போது பறிப்பது என்று தெரியாது. பதினெட்டு வருடமாக எழுதிப் பழகிய கை. அதனால் வீட்டில் மாட்டியிருக்கும் குதிரைப் படம் போட்ட காலண்டரிலும் தினம் எழுதினேன். கட்டத்தின் மேல்பக்கம் மாத்திரைக்கு ஒரு கோடு, கீழே அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று. பிப்ரவரியிலிருந்து எல்லாத் தாளும் இதோடு இருக்கிறது. நானும் பார்த்தேன், நீயும் பார். மாத்திரைக் கோடு ஒரு நாளும் விடுபடவில்லை. மார்ஜரின், பாதாம், கச்சான் கடலை, நல்லெண்ணெய் இருக்கும் மாதங்களில் எண் ஏறுகிறது. கஞ்சி மாதத்தில் மட்டும் இறங்குகிறது. எது நல்லதென்று கொடுக்கிறார்களோ அதுதான் என்னை ஏற்றுகிறது. டாக்டரிடம் சொன்னேன், சிரித்தார்.

இன்னொன்று. என் தங்கை மங்களத்தை நீ கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்திருப்பாய். அவளுக்கும் முழங்கையில் இதே கட்டி. அவளுக்கும் இதே மாத்திரை. ஒன்பது வருடம் முன்னால் முப்பத்தொன்றாம் வயதில் சந்தையில் நின்றபடியே விழுந்தாள், மாரடைப்பு. மாத்திரை சாப்பிடாமல் ஏமாற்றினாள், அதனால்தான் செத்தாள் என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கள் அம்மாவே சொல்கிறார். நானும் நம்பினேன், கலா. இப்போது நம்பவில்லை.

என்னை நம்பு என்று கேட்கவில்லை. தாளைப் பார்.

இருளாயி


ஈப்போ
26 நவம்பர் 2023

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு,

நெஞ்சு எப்படி இருக்கிறது? அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன். ஏணியில் ஏறவே கூடாது.

ஆறு வாரம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. காலண்டர் தாள்களைச் சமையலறைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்தேன். முதலில் தப்புக் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருநூறு நாளுக்கு மேல். காய்ச்சல் நாளில்கூட நடுங்கிய எழுத்தில் "கஞ்சி, அவிச்ச மீன்" என்று. எங்கள் கூடத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் எழுதும் குறிப்பேடு இவ்வளவு சுத்தமாக இருக்காது. நீங்கள் சொன்னது சரி. எண் மாத்திரையோடு போகவில்லை, எண்ணெயோடு போகிறது.

அண்ணனிடம் காரணம் சொல்லாமல், கிளினிக்கில் இன்னொரு குழாய் இரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் கொண்டுவரச் சொன்னேன் அல்லவா? அதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்தேன். தட்டணுக்கள் குறைவாகவும் மிகப் பெரிதாகவும் இருந்தன. சிவப்பணுக்கள் சிலவற்றில் நடுவில் வாய் பிளந்ததுபோல் ஒரு கோடு. இது சாதாரணக் கொலஸ்ட்ரால் இல்லை என்று அப்போதே தோன்றியது. பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காததற்குக் காரணம் டெங்கி இல்லை, இதுதான்.

டாக்டர் ஷஹீரா என்று ஒருவர் இருக்கிறார், கொழுப்பு நோய்களுக்கான நிபுணர். தாள்களையும் தகட்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் காலண்டரைத்தான் முதலில் எடுத்தார். பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, "இத யாரு எழுதுனது?" என்று கேட்டார். என் அண்ணி, கொய்யாப் பண்ணையில் வேலை செய்கிறார் என்றேன். "அவங்களுக்கு என்னா வியாதின்னு அவங்களே பாதி கண்டுபுடிச்சிட்டாங்க. நாம மீதியப் பாக்கணும்" என்றார். உங்கள் இரத்தத்தில் ஒரு பங்கை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும்வரை எண்ணெய், கொட்டை, விதை எதுவும் வேண்டாம். மார்ஜரினைத் தூக்கி எறியுங்கள்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். ஏப்ரலில் உங்களுக்கு ஆறுதலாக எழுதினேன். அதே வாரம் அண்ணனுக்குப் போன் செய்து, உங்களுக்குத் தெரியாமல் மாத்திரையை எண்ணச் சொன்னேன். மூன்று மாதம் எண்ணினார். ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்தது. அப்படியும் நான் நம்பவில்லை, எங்கேயாவது கொட்டிவிடுகிறீர்கள் என்று நினைத்தேன். எட்டு டப்பா விஷத்தை என் கையால் அனுப்பியிருக்கிறேன். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

கலாதேவி


புக்கிட் டாமார்
3 டிசம்பர் 2023

அன்புள்ள கலாவுக்கு,

நான் நலம். ஏணியில் ஏறவில்லை. கீழே உட்கார்ந்து பை மடித்துக் கொடுக்கிறேன். நீ சாப்பிடாமல் கொள்ளாமல் இருக்கிறாயோ என்று கவலையாக இருக்கிறது.

எண்ணியது எனக்குத் தெரியும். உன் அண்ணனுக்கு ரகசியம் காக்கத் தெரியுமா? நான் தோட்டத்து நீர்க்குழாயில் துணி அலசிக்கொண்டிருந்தேன், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்துக்கொண்டு எண்ணினார். பயத்தில் ஒரு மாத்திரை அடுப்புக்கு அடியில் உருண்டுவிட்டது, அவர் கவனிக்கவில்லை. ஒன்று குறைகிறதே என்று முகம் வாடிவிட்டது. அவர் குளிக்கப் போனதும் குனிந்து எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, அவர் திரும்பி வந்ததும், "என்னமோ தேடுறீங்களா?" என்று கேட்டேன். மறுபடி எண்ணிப் பார்த்திருப்பார். அன்றைக்குச் சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

அப்போது கோபம் இருந்தது. உன்மேல்தான், அவர்மேல் இல்லை. அதனால்தான் ஜூலைவரை எழுதவில்லை. ஆனால் யோசித்துப் பார், டாக்டர் சிரித்தார், நீ தாளைத் தரையில் பரப்பினாய். தப்பென்று தெரிந்ததும் எழுதியும் விட்டாய். படித்தவர்கள் எத்தனை பேர் அப்படி எழுதுவார்கள்? விஷம் என்றெல்லாம் எழுதாதே. எல்லாருக்கும் நல்லதென்று சொல்வதைத்தான் அனுப்பினாய்.

மார்ஜரினைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு நல்லதுதானே?

இருளாயி


ஈப்போ
28 ஜனவரி 2024

அன்பு அண்ணிக்கு,

பொங்கல் நல்லபடி முடிந்ததா? ஆமாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்லதுதான். படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன்.

முடிவு வந்துவிட்டது. சிட்டோஸ்டெரோலீமியா என்று பெயர். பெயரை விடுங்கள், விஷயம் இதுதான். நாம் சாப்பிடும் எண்ணெயிலும் கொட்டையிலும் செடிக் கொழுப்பு இருக்கிறது. மற்றவர்கள் குடல் அதை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். உங்களுக்கு அந்தத் திருப்பி அனுப்பும் கதவு பிறவியிலேயே இல்லை. சாப்பிட்டதெல்லாம் இரத்தத்தில் சேர்கிறது, தட்டணுக்களையும் சிவப்பணுக்களையும் கெடுக்கிறது, கட்டியாகிறது, நெஞ்சுக் குழாயை அடைக்கிறது. கிளினிக் இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது, செடிக் கொழுப்பையும் கொலஸ்ட்ரால் என்றே எண்ணிவிடும். பழைய மாத்திரை கல்லீரல் தயாரிப்பதைத்தான் குறைக்கும். அது குறையும்போது குடல் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுக்கும். மற்றவர்களுக்கு அது பொருட்டே இல்லை. உங்களுக்கு எதுவும் இறங்காமல் போனது இதனால்தான்.

டாக்டர் ஷஹீரா எஸெடிமைப் என்ற மாத்திரை எழுதியிருக்கிறார். அது குடல் வாசலிலேயே தடுக்கும். கேரட் சத்து குறையுமா என்று நீங்கள் கேட்பீர்கள், அதனால் நானே கேட்டுவிட்டேன். துகள் குறையும் அளவுக்குக் கொஞ்சம் குறையலாம், வருடம் ஒரு தடவை அளந்து பார்ப்போம், அவித்த கீரையும் காயும் தாராளமாகச் சாப்பிடட்டும் என்றார். எண்ணெய், கொட்டை, எள், சாக்லேட், நண்டு, சிப்பி கூடாது. நெஞ்சுக்கும் தனியாகப் படம் எடுக்க வேண்டும், தேதி வாங்கிவிட்டேன்.

இது அப்பா அம்மா இருவர் பக்கமும் இருந்து வந்தால்தான் வரும். உங்கள் அம்மா தாய்மாமனைக் கட்டியவர். மங்களத்துக்கும் இதுதான் இருந்திருக்கும் என்கிறார் டாக்டர். மங்களம் மாத்திரை சாப்பிட்டிருப்பார், அண்ணி. சாப்பிட்டும் பயனில்லாமல் போயிருக்கும்.

ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் உங்கள் தம்பி யுவனேஸ்வரனுக்குக் கட்டி எதுவும் உண்டா?

கலா


புக்கிட் டாமார்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள கலாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று அண்ணன் வந்து சொன்னார். நீ உன் கையால் இரத்தம் எடுத்தது வலிக்கவே இல்லை. இந்த முறை 5.3. படத்தில் அடைப்பைக் கண்டதும் நெஞ்சுக் குழாயில் வைத்த கம்பியும் தொந்தரவு தரவில்லை. முழங்கைக் கட்டி மெத்தென்று ஆகிவிட்டது.

இப்போது தம்பி விஷயம். பிப்ரவரியில் ஹுத்தான் மெலிந்தாங் போனோம். யுவன் படகுகள் வந்து நிற்கும் ஜெட்டியில் கெராங் சிப்பி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். தினம் சாப்பிடுவதும் அதுதான். காலைத் தூக்கிப் பார்த்தேன், இரண்டு குதிகால் நரம்பிலும் விரல் பருமனுக்குத் தடிப்பு. முப்பத்தேழு வயசு அவனுக்கு. ஆஸ்பத்திரி என்றதுமே, "நா வரமாட்டேன் க்கா. மங்களத்த என்னா சொன்னாங்க? நானும் பொய்யன்னு பேரு வாங்கணுமா?" என்றான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் அம்மா சோறு போட்டார். நான் இலையைத் தள்ளி வைத்துவிட்டு, நீ எழுதிய கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. "சாப்பிட்டும் பயனில்லாமல் போயிருக்கும்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அப்ப அவ மாத்திர சாப்ட்டாளா?"

"சாப்ட்டா ம்மா."

"எங்கிட்ட சத்தியம் பண்ணுனா. நா அடிச்சேன் அவள."

அம்மா சோற்றை மூடி வைத்தார். எழுந்து முகம் கழுவினார், சேலை மாற்றினார், நேரே ஜெட்டிக்கு நடந்தார். அத்தனை ஆட்களுக்கு முன்னால் யுவன் தோளிலிருந்த மூட்டையைப் பிடித்து இறக்கினார். "ஒருத்திய நம்பாம வுட்டேன். ஒன்ன வுடமாட்டேன். சட்டையப் போட்டுக்கிட்டு வா" என்றார். அவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஈப்போ வரும்வரை லாரியில் அம்மா அவன் கையை விடவில்லை. ஊசி போடும் இடத்தில் அவன் தயங்கியதும், அம்மா தன் கையை நீட்டி, "மொத எனக்கு எடுங்க" என்றார். அங்கிருந்த நர்ஸும் சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

அவனுக்கும் அதேதான் என்பது உனக்குத் தெரியும். நெஞ்சுக் குழாய் இன்னும் அடைக்கவில்லை, சரியான நேரத்தில் வந்துவிட்டான் என்று டாக்டர் ஷஹீரா சொன்னார். மாத்திரை தொடங்கிவிட்டான். சிப்பியை இப்போது ஏற்றுவதோடு சரி.

நேற்று மங்களத்தின் பத்தாம் வருடத் திதி. உறவுக்காரர்கள், ஜெட்டிக்காரர்கள் என்று நாற்பது பேர். எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறி முடித்ததும் அம்மா நடுவில் வந்து நின்றார். அவர் கூட்டத்தின் நடுவில் நின்று பேசி நான் கேட்டதே இல்லை கலா, எப்போதும் பின்னால் நிற்கிறவர். "எல்லாரும் கேளுங்க. எம் மக மங்களம் மருந்து சாப்ட்டா. ஒரு நாளும் தவறல. அவ பொய் சொல்லல, நாந்தான் நம்பல" என்றார்.

அவர் சொல்லி முடித்து உட்காரும்வரை யாரும் இலையில் கை வைக்கவில்லை.

உன் அண்ணி
இருளாயி